இன்ஹேலரோடு ஆடாதோடையும்: ஆஸ்துமாவில் துணைச் சிகிச்சைக்கு இடம் எங்கே?

சென்னையை அடுத்த தாம்பரம் சானடோரியத்தில் 1928-இல் டாக்டர் டேவிட் சவரிமுத்து காசநோயாளிகளுக்காக ஒரு மருத்துவமனையைத் தொடங்கினார். அதுவே இன்று அரசு நெஞ்சக நோய் மருத்துவமனையாக வளர்ந்து நிற்கிறது. அதே சானடோரியம் பகுதியில்தான் 2005-இல் தேசிய சித்த மருத்துவ நிறுவனமும் திறக்கப்பட்டது. மூச்சிரைப்போடு ரயிலை விட்டு இறங்கும் ஒருவருக்கு இரண்டு மருத்துவ மரபுகளும் பக்கத்திலேயே இருக்கின்றன. பலர் இரண்டையும் நாடவும் செய்கிறார்கள். இதில் எனக்குக் குறை எதுவும் தெரியவில்லை. ஆனால் சூரணம் சாப்பிடுவதை ஆங்கில மருத்துவரிடம் மறைப்பதும், இன்ஹேலர் இழுப்பதைச் சித்த மருத்துவரிடம் சொல்லாமல் விடுவதும், நடுவில் எப்போதோ ஒன்றைத் தானாகவே நிறுத்திவிடுவதும் கவலை தருகின்றன. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2019-இல் ஆஸ்துமா உள்ளவர்கள் 26.2 கோடி பேர். அந்த ஒரே ஆண்டில் அதனால் இறந்தவர்கள் ஏறத்தாழ 4.55 லட்சம் பேர். முறையான மருந்து தொடர்ந்து கிடைத்திருந்தால் இவர்களில் பெரும்பாலோரைக் காப்பாற்றியிருக்கலாம்.

இழுப்பு, இளைப்பு, வீசிங், ஈழத்தில் முட்டு என்று ஊருக்கு ஊர் சொல்லப்படும் இந்த நோயில் நுரையீரலுக்குக் காற்றைக் கொண்டுசெல்லும் குழாய்களில் என்ன நடக்கிறது என்பதை முதலில் பார்ப்போம்.

ஆஸ்துமா உள்ளவரின் மூச்சுக்குழாய்ச் சுவர் எப்போதும் கொஞ்சம் சிவந்து வீங்கியே இருக்கும். இதை அழற்சி என்கிறோம். நோயாளி நன்றாக இருப்பதாக உணரும் நாட்களிலும் அது உள்ளே இருக்கலாம். தூசி, புகை, சளிக்காய்ச்சல், குளிர்ந்த காற்று என்று ஏதோ ஒன்று சீண்டியதும் அந்தக் குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகுகிறது, கோழை சுரக்கிறது, வழி குறுகுகிறது. அப்போதுதான் விசில் சத்தமும் மூச்சுத் திணறலும் வெளியே தெரிகின்றன.

மருந்துகளும் இதற்கேற்ப இரண்டு வகை. சால்புட்டமால் போன்ற நிவாரண மருந்து இறுகிய தசையைச் சில நிமிடங்களில் தளர்த்துகிறது. புடெசோனைடு, புளூட்டிகசோன் போன்ற உள்ளிழுக்கும் ஸ்டீராய்டு அழற்சியை நாட்கணக்கில், வாரக்கணக்கில் மெல்லத் தணிக்கிறது. முதலாவதை இழுத்தவுடன் பலன் தெரிவதால் அதன்மேல் நம்பிக்கை வந்துவிடுகிறது. இரண்டாவதை இழுத்தால் உடனே எதுவும் தெரியாது. அதனால் அதுதான் முதலில் கைவிடப்படுகிறது. உயிரைக் காப்பதில் பெரிய பங்கு இரண்டாவதற்கே. பெரியவர்களும் வளரிளம் பருவத்தினரும் நிவாரண மருந்தை மட்டும் நம்பி இருக்கக்கூடாது, ஏதேனும் ஒரு வடிவில் உள்ளிழுக்கும் ஸ்டீராய்டும் வேண்டும் என்று ஆஸ்துமாவுக்கான உலகளாவிய வழிகாட்டுக் குழுவான ஜீனா 2019-இல் தன் பரிந்துரையையே மாற்றிக்கொண்டது.

'இன்ஹேலர் ரொம்ப பவர், பழகிவிட்டால் விடமுடியாது, கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்' என்ற பயம் நம் வீடுகளில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. கணக்கு இதற்கு நேர்மாறாக இருக்கிறது. சால்புட்டமால் மாத்திரை ஒன்றில் 4 மில்லிகிராம் மருந்து இருக்கும், அதாவது 4,000 மைக்ரோகிராம். இன்ஹேலரை ஒருமுறை அழுத்தினால் வருவது 100 மைக்ரோகிராம். மாத்திரை வயிற்றுக்குப் போய், ரத்தத்தில் கலந்து, உடம்பெல்லாம் சுற்றி மூச்சுக்குழாயை அடைகிறது. இன்ஹேலர் நேராக அங்கேயே போகிறது, அதனால் நாற்பதில் ஒரு பங்கே போதுமானதாகிறது. குழந்தைக்கு மாத்திரையும் சிரப்பும் கொடுத்துவிட்டு இன்ஹேலருக்கு அஞ்சும் பெற்றோரிடம் இந்த ஒரு கணக்கையாவது யாராவது பொறுமையாகச் சொல்லவேண்டும். ஸ்டீராய்டு இன்ஹேலரால் தொண்டை கரகரப்பும் வாயில் வெள்ளைப் பூஞ்சையும் வரலாம். இழுத்ததும் வாயைக் கொப்பளித்துத் துப்பினால், ஸ்பேசர் என்னும் குடுவையைச் சேர்த்துக்கொண்டால், அதைப் பெரிதும் தவிர்க்கலாம்.

இந்தச் சிகிச்சையோடு மூச்சுப்பயிற்சி, யோகா, மூலிகை, அக்குபஞ்சர் போன்றவற்றைச் சேர்த்துக்கொள்வதையே துணைச் சிகிச்சை என்கிறோம். இன்ஹேலரை வீசிவிட்டு அவற்றை மட்டும் நம்புவது முற்றிலும் வேறு விஷயம். அதை இந்தக் கட்டுரை பரிந்துரைக்கவில்லை.

உணர்வும் காற்றோட்டமும்

துணைச் சிகிச்சைகளைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் நடந்து 2011-இல் வெளியான ஒரு சிறிய ஆய்வு. ஆஸ்துமா உள்ள 46 பேரைச் சேர்த்து, ஒவ்வொருவருக்கும் வெவ்வேறு நாட்களில் நான்கு விதமான அனுபவத்தைக் கொடுத்தார்கள். ஒருநாள் உண்மையான சால்புட்டமால் இன்ஹேலர். ஒருநாள் மருந்தே இல்லாத போலி இன்ஹேலர். ஒருநாள் தோலுக்குள் இறங்காத ஊசிகளால் போலி அக்குபஞ்சர். ஒருநாள் எதுவும் செய்யாமல் வெறுமனே காத்திருப்பு. ஒவ்வொன்றுக்கும் பிறகு இரண்டு விஷயங்களைப் பதிவு செய்தார்கள்: 'எவ்வளவு தேவலை?' என்ற கேள்விக்கு நோயாளியின் பதில். ஒரு விநாடியில் எவ்வளவு காற்றை ஊதி வெளியேற்ற முடிகிறது என்ற கருவியின் அளவு.

நோயாளிகளின் பதிலைப் பார்த்தால் உண்மையான மருந்துக்கும் போலிகளுக்கும் வித்தியாசமே தெரியவில்லை. மூன்றிலும் 45 முதல் 50 சதவீதம் வரை முன்னேற்றம் என்றார்கள். வெறுமனே காத்திருந்தபோது 21 சதவீதம். கருவியோ வேறு கதை சொன்னது. உண்மையான மருந்தால் காற்றோட்டம் 20 சதவீதம் கூடியது. போலி இன்ஹேலர், போலி அக்குபஞ்சர், காத்திருப்பு மூன்றிலும் ஏறத்தாழ 7 சதவீதம்தான்.

நோயாளிகள் யாரும் பொய் சொல்லவில்லை. அவர்களுக்கு உண்மையாகவே சுகமாக இருந்தது. அந்தச் சுகத்துக்கு மதிப்பு உண்டு, ஏனென்றால் மூச்சுத் திணறலின் வேதனையில் பாதி பயம். ஆனால் குழாய் குறுகியே இருக்கும்போது 'எனக்கு ஒன்றுமில்லை' என்று தோன்றுவது ஆஸ்துமாவில் ஆபத்தானது, மருத்துவமனைக்குப் போகவேண்டிய நேரத்தைத் தள்ளிப்போட வைக்கும். ஆகவே எந்தத் துணைச் சிகிச்சையைப் பற்றியும் இரண்டு கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்கலாம். அது என் உணர்வை மேம்படுத்துகிறதா? என் மூச்சுக்குழாயை மேம்படுத்துகிறதா? முதல் கேள்விக்கு மட்டும் ஆம் என்றாலும் அதை வைத்துக்கொள்ளலாம். ஆனால் அதை நம்பி மருந்தைக் குறைக்கமுடியாது.

மூச்சுப்பயிற்சியும் யோகாவும்

துணைச் சிகிச்சைகளில் என் முதல் வாக்கு மூச்சுப்பயிற்சிக்கே. செலவில்லை, மருந்தோடு மோதாது, ஆய்வுச் சான்றும் ஓரளவு வலுவாக இருக்கிறது. ஆஸ்துமா உள்ள பலர் தம்மை அறியாமல் மேல்மார்பால் வேகவேகமாக, வாய்வழியாக மூச்சு விடும் பழக்கத்துக்கு ஆளாகிறார்கள். இதைத் திருத்த இங்கிலாந்தின் பாப்வொர்த் மருத்துவமனையில் 1960-களில் ஒரு முறை உருவானது. சோவியத் மருத்துவர் கான்ஸ்டன்டின் புட்டேகோ 1950-களில் இன்னொன்றை உருவாக்கினார். இரண்டிலும் அடிப்படை ஏறத்தாழ ஒன்றுதான்: மூக்கால் மூச்சு, வயிறு அசையும்படி மெதுவான மூச்சு, தேவைக்கு மேல் காற்றை வாரி இழுக்காமை.

இங்கிலாந்தில் 655 நோயாளிகளிடம் நடந்து 2018-இல் வெளியான ஆய்வில், பிசியோதெரபிஸ்ட் நேரில் கற்றுக்கொடுத்தவர்களுக்கும் வீட்டில் டிவிடி பார்த்துக் கற்றவர்களுக்கும் வாழ்க்கைத் தரம் ஒரே அளவில் மேம்பட்டது. பயிற்சி பெறாதவர்களுக்கு அந்த அளவு மேம்படவில்லை. நுரையீரலின் செயல்திறன் அளவுகளோ மாறவில்லை. பாஸ்டன் ஆய்வில் கண்ட அதே பிளவு இங்கேயும் இருக்கிறது. பயிற்சி செய்பவர் படி ஏறுகிறார், நன்றாகத் தூங்குகிறார், பதறாமல் இருக்கிறார். அழற்சியோ அதே நிலையில் இருக்கிறது.

யோகாவும் இப்படித்தான். பெங்களூரில் நாகரத்னா, நாகேந்திரா இருவரும் 53 நோயாளிகளைக் கொண்டு செய்த ஆய்வு 1985-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியாகி உலகக் கவனத்தைப் பெற்றது. யோகா செய்தவர்களுக்கு இழுப்பு வருவது குறைந்ததாக அது சொன்னது. பிறகு 15 ஆய்வுகளை, மொத்தம் 1,048 பேரின் விவரங்களை, ஒன்றாக வைத்துப் பார்த்த காக்ரேன் என்ற சர்வதேச ஆய்வுத் தொகுப்புக் குழு 2016-இல் கொஞ்சம் நிதானமான முடிவுக்கு வந்தது: வாழ்க்கைத் தரத்திலும் அறிகுறிகளிலும் சிறிய முன்னேற்றம் இருக்கலாம், நுரையீரல் அளவுகளில் ஒரே மாதிரியான பலன் தெரியவில்லை.

தொடங்க நினைப்பவர்கள் நாடிசுத்தி, பிரமரி போன்ற மெதுவான பிராணாயாமங்களிலிருந்து தொடங்குங்கள். கபாலபாதியும் பஸ்திரிகாவும் வேகமாகக் காற்றை இழுத்து வெளித்தள்ளுபவை. கட்டுப்பாட்டில் இல்லாத ஆஸ்துமாவில் அவையே இழுப்பைக் கிளப்பிவிடலாம். மூச்சை நீண்ட நேரம் அடக்கிவைக்கும் கும்பகமும் புதியவர்களுக்கு வேண்டாம். மூக்கடைப்பும் தும்மலும் சேர்ந்து வருபவர்களுக்கு உப்புநீரால் மூக்கைக் கழுவும் ஜலநேத்தி நல்ல உதவி, ஆனால் கொதிக்கவைத்து ஆறவைத்த நீரையே பயன்படுத்தவேண்டும். குழாய் நீரில் உள்ள சில அமீபாக்கள் மூக்கு வழியே மூளைக்குப் போய் உயிரைக் குடித்த நிகழ்வுகள் உண்டு.

மூலிகைகள்

மூலிகை என்றால் பலனில்லை என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. இன்றைய ஆஸ்துமா மருந்துகளில் பலவற்றுக்குச் செடிதான் தாய்வீடு. ஊமத்தையைப் புகைத்து இழுப்பைத் தணிக்கும் வழக்கம் 1802-இல் சென்னையிலிருந்துதான் பிரிட்டனுக்குப் போனது. பிறகு ஐரோப்பாவெங்கும் ஆஸ்துமா சிகரெட்டுகளே விற்றார்கள். ஊமத்தையில் உள்ள அட்ரோபீன் வகை வேதிப்பொருளைத் திருத்தி அமைத்து உருவானவையே இன்றைய இப்ராட்ரோபியமும் டியோட்ரோபியமும். மஹுவாங் என்ற சீனச் செடியிலிருந்து எபெட்ரின் வந்தது. மத்திய தரைக்கடல் பகுதிச் செடி ஒன்றில் இருந்த கெல்லின் என்ற பொருளிலிருந்து தொடங்கி, ஆஸ்துமா நோயாளியான மருத்துவர் ரோஜர் அல்டூன்யான் தன் உடம்பிலேயே சோதித்துச் சோதித்துக் குரோமோகிளைக்கேட்டைக் கண்டறிந்தார். நம் வேலியோர ஆடாதோடையின் வாசிசினை அடிப்படையாகக் கொண்டு செய்யப்பட்டதுதான் இருமல் சிரப்பில் இருக்கும் புரோம்ஹெக்சின். அதிலிருந்து வந்தது அம்ப்ராக்சால்.

இந்த வரலாற்றிலேயே எச்சரிக்கையும் அடங்கியிருக்கிறது. வேலை செய்யும் எந்தப் பொருளுக்கும் அளவு உண்டு, பக்கவிளைவு உண்டு, பிற மருந்தோடு மோதலும் உண்டு. ஊமத்தையை இன்று யாரும் புகைக்கக்கூடாது. விதையும் இலையும் கொல்லும் விஷம். ஆடாதோடை கோழையை இளக்கி வெளியேற்ற உதவலாம், ஆனால் கோழையை இளக்குவது அழற்சியைத் தணிப்பதாகாது. அது கருப்பையைச் சுருங்கச் செய்யக்கூடியது என்பதால் கர்ப்பிணிகள் தொடவே கூடாது. தூதுவளை ரசம், கற்பூரவள்ளிக் கஷாயம், துளசி, தேன் எல்லாம் தொண்டைக்கு இதம்; வீட்டு அளவில் தாராளமாகச் சாப்பிடலாம். தேனை ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு மட்டும் கொடுக்காதீர்கள்.

திரிகடுகைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். சுக்கு, மிளகு, திப்பிலி மூன்றும் சேர்ந்த இந்தச் சூரணம் இருமல் உள்ள வீடுகளில் சாதாரணம். மிளகிலும் திப்பிலியிலும் உள்ள பைப்பரின், மருந்துகளைக் கல்லீரல் சிதைக்கும் வேகத்தைக் குறைக்கிறது. ஆரோக்கியமானவர்களிடம் நடந்த சிறிய ஆய்வு ஒன்றில் பைப்பரினோடு தியோபிலின் கொடுத்தபோது ரத்தத்தில் தியோபிலின் அளவு கூடியது. தியோபிலின் நம் ஊரில் ஆஸ்துமாவுக்கு இன்றும் பரவலாக எழுதப்படும் மாத்திரை; டெரிபிலின் என்று கேட்டு வாங்குவதில் இருப்பது இந்தக் குடும்பமே. அதன் பலன் தரும் அளவுக்கும் நச்சு அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு. கூடினால் குமட்டல், படபடப்பு, வலிப்புவரை போகலாம். ரசத்தில் போடும் மிளகால் இது நடக்காது. தினமும் இருவேளை கரண்டிக்கணக்கில் சூரணம் சாப்பிடுபவர் டெரிபிலினும் போட்டுக்கொண்டால் மருத்துவருக்குத் தெரிந்தே ஆகவேண்டும்.

அதிமதுரமும் இப்படித்தான். நீண்ட நாள் அதிகமாகச் சாப்பிட்டால் ரத்த அழுத்தத்தைக் கூட்டி, உடம்பின் பொட்டாசியத்தைக் குறைக்கும். சால்புட்டமாலும் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையும் பொட்டாசியத்தைக் குறைப்பவையே. மூன்றும் சேர்ந்தால் இதயத் துடிப்பு தடுமாறலாம். தேனீக்களிடமிருந்து எடுக்கப்படும் ராயல் ஜெல்லியை 'நோய் எதிர்ப்புச் சக்திக்கு' என்று வாங்கிச் சாப்பிட்ட ஆஸ்துமா நோயாளிகளுக்குக் கடுமையான இழுப்பு வந்து, உயிரிழப்பும் நேர்ந்திருக்கிறது. ஒவ்வாமை உள்ளவர்கள் அதை வாங்கவேண்டாம்.

எனக்கு மிகவும் அச்சமூட்டுவது பெயரும் உள்ளடக்கமும் எழுதாத பொட்டலப் பொடி. 'ஒரே வாரத்தில் இன்ஹேலரை விட்டுவிடலாம்' என்று விற்கப்படும் இத்தகைய பொடிகள் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பது ஆய்வகச் சோதனையில் தெரியவந்திருக்கிறது. ஆகவேதான் முதல் வாரத்திலேயே அதிசயம்போல மூச்சு சீராகிறது! மாதக்கணக்கில் சாப்பிட்டால் முகம் வீங்கி வட்டமாகும், சர்க்கரை ஏறும், எலும்பு மெலியும். திடீரென்று நிறுத்தினால் உடம்பு தன் சொந்த ஸ்டீராய்டைச் சுரக்க மறந்திருக்கும். அது உயிருக்கே ஆபத்து. மைக்ரோகிராம் கணக்கில் நுரையீரலுக்கு மட்டும் போகும் ஸ்டீராய்டுக்குப் பயந்தவர், அளவே தெரியாத ஸ்டீராய்டை வயிறு நிறையச் சாப்பிடுகிறார். சித்த மருந்து வேண்டுமென்றால் பதிவுபெற்ற சித்த மருத்துவரிடம் போங்கள். உரிம எண்ணும் உள்ளடக்கமும் அச்சிட்ட மருந்தை வாங்குங்கள்.

ஆவி, புகை, மீன்

ஆவி பிடிப்பது மூக்கடைப்புக்குச் சற்று இதம், இழுப்புக்குச் சிகிச்சை இல்லை. கொதிநீர்ப் பாத்திரம் கவிழ்ந்து குழந்தைகள் வெந்துபோவது தீக்காயப் பிரிவுகளில் அடிக்கடி பார்க்கும் காரணம். நீலகிரித் தைலம், கற்பூரம் கலந்த களிம்பு ஆகியவற்றின் நெடியே சிலருக்கு இழுப்பைத் தூண்டும். கைக்குழந்தைகளுக்குக் கற்பூரம் வலிப்பை வரவழைக்கும். குளித்த பிள்ளைக்குச் சாம்பிராணி காட்டுவது அன்பின் வழக்கம்தான், என்றாலும் ஆஸ்துமா உள்ள வீட்டில் சாம்பிராணி, ஊதுபத்தி, கொசுவர்த்திப் புகை மூன்றையும் விட்டுவிடுவது பல மூலிகைகளைவிட அதிக நன்மை செய்யும்.

ஹைதராபாத்தில் ஆண்டுதோறும் ஜூன் மாதம் மிருகசீரிஷ கார்த்தியன்று பத்தினி என்ற பெயருடைய குடும்பத்தார் உயிருள்ள சிறு விரால் மீனின் வாயில் மூலிகைப் பசையை வைத்து விழுங்கக் கொடுக்கிறார்கள். 1845 முதல் இலவசமாகக் கொடுத்துவருவதாக அக்குடும்பம் சொல்கிறது. அங்கே கூடுபவர்களின் தவிப்பை நான் மதிக்கிறேன், பிள்ளையின் மூச்சுக்காக எந்தத் தாயும் எவ்வளவு தூரமும் போவாள். ஆனால் அது மூச்சுக்குழாயைச் சீராக்குவதாக முறையான ஆய்வு எதுவும் நிறுவவில்லை. போகிறவர்கள் பையில் இன்ஹேலரை எடுத்துச்செல்லட்டும், திரும்பி வந்தபிறகும் நிறுத்தாமல் இருக்கட்டும்.

அக்குபஞ்சர், ஹோமியோபதி, உப்பு அறைச் சிகிச்சை ஆகியவற்றுக்கு ஆஸ்துமாவில் நம்பத்தக்க சான்று இதுவரை இல்லை. வைட்டமின் டி மாத்திரை கடும் இழுப்பைக் குறைக்கலாம் என்று 2016-இல் சொன்ன காக்ரேன் தொகுப்பு, கூடுதல் ஆய்வுகள் வந்தபின் 2023-இல் அந்தப் பலன் தெரியவில்லை என்று திருத்திக்கொண்டது. உணவில் வாழைப்பழம், தயிர் என்று எல்லாவற்றையும் விலக்கிக் குழந்தையை மெலியவைக்கவேண்டாம். சாப்பிட்டு இழுப்பு வந்ததை நீங்களே திரும்பத் திரும்பக் கண்ட பொருளை மட்டும் தவிர்த்தால் போதும். உடல் பருமன் உள்ளவர் எடையைக் குறைத்தால் ஆஸ்துமா நன்றாகக் கட்டுப்படும்.

சேர்ப்பது எப்படி

மருந்துக்கடையில் பீக் ஃப்ளோ மீட்டர் என்று ஒரு பிளாஸ்டிக் குழல் கிடைக்கும். முழு மூச்சு இழுத்து ஒரே ஊதாக ஊதினால் முள் ஓர் எண்ணில் நிற்கும். ஆஸ்துமா கட்டுப்பாட்டில் இருக்கும்போது இரண்டு வாரம் காலையும் மாலையும் ஊதிக் குறித்துக்கொண்டால் உங்கள் உச்ச அளவு தெரிந்துவிடும். பிறகு புதிதாக ஒன்றைத் தொடங்குங்கள். ஒரே சமயத்தில் இரண்டு மூன்றைத் தொடங்கினால் எது உதவியது, எது கெடுத்தது என்று யாராலும் சொல்லமுடியாது. எண் உச்ச அளவின் 80 சதவீதத்துக்கு மேல் நின்று, இரவில் விழிப்பு குறைந்து, நிவாரண இன்ஹேலரை எடுப்பதும் குறைந்தால், அந்தக் குறிப்பேட்டோடு மருத்துவரிடம் போங்கள். தடுப்பு மருந்தான ஸ்டீராய்டு இன்ஹேலரின் அளவைக் குறைக்கலாமா என்று அவரிடம் கேட்பதில் தவறே இல்லை. சில மாதங்கள் நன்றாகக் கட்டுப்பட்டிருந்தால் அவரே படிப்படியாகக் குறைப்பார். மருந்து வேலை செய்யவில்லை என்று தோன்றினால், அவர் முன்னிலையில் ஒருமுறை இன்ஹேலரை இழுத்துக் காட்டுங்கள். பெரும்பாலும் குறை இழுக்கும் விதத்தில்தான் இருக்கும்.

முழு வாக்கியம் பேச மூச்சு போதாமை, விலா இடுக்குகள் உள்ளே இழுக்கப்படுதல், உதடு நீலம் பாரித்தல், எண் பாதிக்கும் கீழே இறங்குதல், நிவாரண மருந்தின் பலன் மூன்று நான்கு மணி நேரம்கூட நிற்காமை ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் கஷாயத்துக்கோ பிராணாயாமத்துக்கோ நேரமில்லை. விசில் சத்தம் திடீரென அடங்கி, ஆள் சோர்ந்துபோனால் அது இன்னும் மோசம். காற்றே போகவில்லை என்று பொருள். நோயாளியை நிமிர்த்தி உட்காரவைத்து, நிவாரண இன்ஹேலரை ஸ்பேசர் வழியே ஒவ்வோர் அழுத்தாக நான்கு முறை கொடுங்கள், ஒவ்வோர் அழுத்துக்கும் நான்கு மூச்சு. உடனே தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990 என்ற எண்ணை அழைத்துவிட்டு, ஆம்புலன்ஸ் வரும்வரை நான்கு நிமிடத்துக்கு ஒருமுறை அதையே திரும்பச் செய்துகொண்டிருங்கள். வண்டியில் ஏறும்போது இன்ஹேலரோடு வீட்டிலுள்ள சூரண, லேகிய டப்பாக்களையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள். என்ன சாப்பிட்டார் என்று அவசரப் பிரிவில் கேட்டால், டப்பாவைக் காட்டிவிடலாம்.